பெரும்பாக்கத்தில் கடைக்குப் போவது யார்?

பட்டிமன்ற மேடைகளில் எத்தனை முறை சொன்னாலும் கைதட்டல் குறையாத நகைச்சுவை ஒன்று உண்டு. துணிக்கடைக்குள் நுழைந்த மனைவி நூறு புடவைகளைப் பிரித்துக் காட்டச் சொல்வார். ஒன்றைக்கூட எடுக்காமல் அடுத்த கடைக்குப் படியேறுவார். கணவரோ பத்து நிமிடத்தில் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு, பைகளைச் சுமந்தபடி வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். இதற்கு அறிவியல் உடை உடுத்தியவர்களும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் டேனியல் குரூகர் 2009இல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆதிகாலப் பெண்கள் கனியும் கிழங்கும் சேகரித்தார்கள், அதனால்தான் இன்றும் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து தேர்கிறார்கள். ஆண்கள் வேட்டையாடினார்கள், அதனால்தான் குறிவைத்து எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள் என்பது அதன் வாதம்.

இந்த வாதத்தைச் சோதிக்க வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மயிலாப்பூர், மாம்பலம் போன்ற பகுதிகளின் நடுத்தர வர்க்கத் தெருக்களில், காலையில் துணிப்பையோடு சென்று வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குபவர்களில் ஓய்வுபெற்ற ஆண்கள் ஏராளம். அவர்களுடைய முன்னோர் மட்டும் வேட்டைக்குப் போகாமல் கிழங்கு தோண்டினார்களா? சாதித் தூய்மையின் பெயரால் தம் பெண்களைக் கடைத்தெருவிலிருந்து விலக்கிவைத்த குடும்பங்களில், சந்தைக்குச் செல்வது ஆணின் வேலையாக இருந்தது. தலித் பெண்களுக்கு அத்தகைய விலக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. கீரையும் மீனும் விற்பவர்களாகவும், கூலியாகக் கிடைத்த நெல்லைக் கொடுத்து உப்பும் மிளகாயும் வாங்குபவர்களாகவும் அவர்கள் எப்போதும் சந்தையில் இருந்தார்கள். யார் கடைக்குப் போகிறார், எதை, எவ்வளவு, யாருடைய பணத்தில் வாங்குகிறார் என்ற கேள்விகளுக்குப் பாலினம் மட்டும் விடை சொல்லிவிடாது. சாதியும் கூலியும் குடியிருக்கும் இடமும் சேர்ந்தே விடை சொல்லும். பெரும்பாக்கத்தில் அந்த விடையைத் தெளிவாகக் காணலாம்.

சந்தையை விட்டு வந்தவர்கள்

சென்னையின் தென்புறத்தில், சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கம் செல்லும் சாலையை அடுத்து, தரைத்தளத்தோடு ஏழு மாடிகள் கொண்ட கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கட்டியது தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம்; 2021இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் ஆறுகளின் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. 2019இன் இறுதியில், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களும் வந்து சேர்ந்தனர். இவர்களில் தலித் மக்களின் பங்கு மிகப் பெரிது. தமிழக அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரு தலித் பெண் தலைவரின் பெயர் தாங்கிய குடியிருப்பு, நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி எறியப்பட்டது என்பதைப் பதிவு செய்துவிட்டு மேலே செல்வோம்.

மறுகுடியமர்வு பற்றிய அரசின் பேச்சில் வீட்டின் சதுர அடி இடம்பெறும். கழிப்பறையும் மின் இணைப்பும் இடம்பெறும். சந்தை இடம்பெறுவதில்லை. ஆற்றோரக் குடிசையில் எந்த வசதியும் இல்லாதிருந்தபோதும், நடக்கும் தொலைவில் ஒரு பெரிய கடைத்தெரு இருந்தது. கூவம் கரையில் இருந்தவர்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தை. அடையாற்றுக் கரையில் இருந்தவர்களுக்குச் சைதாப்பேட்டை. வீட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண், இருட்டிய பிறகு விலை இறங்கும் நேரத்தில், கூறு போட்டு விற்கும் கத்தரிக்காயில் ஒரு கூறு வாங்கிக்கொண்டு நடந்தே வீடு சேர முடிந்தது. அன்று கூலி வரவில்லையென்றால் அண்ணாச்சி கடையில் கணக்கு நோட்டு இருந்தது. அந்த நோட்டில் ஒரு பக்கம் பெறுவதற்குப் பத்தாண்டு அறிமுகமும் சொன்ன நாளில் திருப்பித் தந்த நாணயமும் தேவைப்பட்டன. அது அந்தப் பெண் ஈட்டிய சொத்து. இடம்பெயர்த்த லாரியில் பாத்திரங்கள் ஏறின. அந்தப் பக்கம் ஏறவில்லை.

வெள்ளத்துக்குப் பிந்தைய வெளியேற்றங்களைப் பற்றி, நகர்ப்புற ஏழை மக்களுக்கான தகவல், ஆதார மையம் என்னும் சென்னை அமைப்பும் வீட்டு, நில உரிமை வலைப்பின்னல் என்னும் அமைப்பும் 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. வேலையிழப்பும் பள்ளிப் படிப்பு இடையில் நின்றதும் அதில் பதிவாகியுள்ளன. வேலையை இழந்ததோடு மலிவாக வாங்கும் வழியையும் அவர்கள் சேர்த்தே இழந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. வருமானம் குறைந்த அதே மாதத்தில் தக்காளியின் விலை கூடியது. கோயம்பேட்டிலிருந்து சரக்கு நகரின் மறுகோடிக்கு வந்து, கைமாறி, குடியிருப்புத் தெருவின் சிறுகடையை அடையும்போது வண்டி வாடகையும் அதோடு சேர்ந்து வருகிறது. அந்தச் சிறுகடையை நடத்துபவரும் பெரும்பாலும் இடம்பெயர்க்கப்பட்ட மற்றொரு பெண்தான். அவரைக் கொள்ளை லாபக்காரர் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

கூலி இல்லாத வேலை

கடைக்குப் போவதைப் பொழுதுபோக்காகவே சித்திரிக்கப் பழகிவிட்டோம். புள்ளியியலார் அப்படிக் கருதுவதில்லை. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு பின்பற்றிய வகைப்பாட்டில், குடும்பத்துக்காகப் பொருள் வாங்குவது, சமைத்தல், பெருக்குதல், துவைத்தல் ஆகியவற்றோடு ஊதியமற்ற வீட்டுப் பணிகளின் கீழ் வருகிறது. அந்தப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களை. ஈடுபட்டவர்களின் விகிதமே பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு. இவை நாடு முழுமைக்குமான சராசரிகள். ஐந்தாம் மாடியில் குடியிருந்து, மின்தூக்கி பழுதான நாளில் அரிசி மூட்டையோடு படியேறும் பெண்ணுக்கு அந்த 299 எவ்வளவாக மாறும் என்பதை அங்கே வாழ்பவர்களே அறிவார்கள்.

பணம் யார் கையிலிருந்து வருகிறது என்ற கேள்விக்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு பழைய விடை உண்டு. மானிடவியலாளர் ஜோன் மென்சர் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நெல் விளையும் கிராமங்களின் விவசாயக் கூலிக் குடும்பங்களை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரை அது. பெண் ஆணைவிடக் குறைந்த கூலி பெற்றாள். வேலை கிடைத்த நாட்களும் அவளுக்குக் குறைவு. ஆயினும் ஈட்டியதில் ஏறத்தாழ முழுவதையும் அவள் குடும்பச் செலவுக்கே தந்தாள். ஆண், தன் கூலியில் ஒரு பகுதியைத் தனக்கென நிறுத்திக்கொண்ட பிறகு மீதியைத் தந்தான். தேநீர், பீடி, நண்பர்களோடு செலவழித்தல் ஆகியவை ஆணின் இயல்பான உரிமையாகக் கருதப்பட்டன. பெண்ணுக்கு அத்தகைய தனிச் செலவு என்ற ஒன்றே இல்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. வயல் போய் அடுக்ககம் வந்துவிட்டது. அந்த வழக்கம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒவ்வொரு வாசகரும் தம் வீட்டின் மாதக் கணக்கைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே, பெண் ஏன் நான்கு கடை ஏறி இறங்குகிறாள் என்பதற்கு ஆதிகாலக் கிழங்கைத் தேட வேண்டியதில்லை. குறிப்பிட்ட தொகைக்குள் ஐந்து பேருக்கு உணவு வாங்க வேண்டிய பொறுப்பு அவளுடையது. ஒரு கடையில் மூன்று ரூபாய் மிச்சம் பிடித்தால் மற்றொரு கடையில் முட்டை வாங்கலாம். எதை வாங்க வேண்டும் என்று ஒருவர் எழுதித் தந்து, பணமும் எண்ணித் தந்தால் எவரும் பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம்.

சிறிய பொட்டலத்தின் விலை

பெரும்பாக்கத்துப் பெட்டிக்கடைகளின் முன்புறத்தில் தோரணமாகத் தொங்கும் ஷாம்பு, சோப்புத்தூள் பாக்கெட்டுகளுக்குத் தமிழ்நாட்டு வரலாறு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பெரிய புட்டிகளை வாங்க இயலாதவர்களுக்காகச் சிறு பொட்டலங்களில் பொருள்களை அடைத்து விற்கத் தொடங்கிய முன்னோடி. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழில், சிக் ஷாம்புவை ஊரெங்கும் கொண்டுசென்றது. ஷாம்புவைப் பொறுத்தவரை ஒரு விந்தை உண்டு: பல நேரங்களில் புட்டியைவிடப் பாக்கெட்டில் வாங்குவதே மலிவு. அரிசி, பருப்பு, எண்ணெய், புளி ஆகியவற்றில் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. நூறு கிராமாக, ஐம்பது மில்லியாக வாங்குபவர் மாதம் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால், மொத்தமாக வாங்குபவரைவிட அதிகம் செலுத்தியிருப்பார். நாள்கூலி பெறும் குடும்பம் நாள்தோறும்தான் வாங்க முடியும். மொத்தமாக வாங்க முதல் வேண்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் கேப்லோவிட்ஸ் 1963இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘ஏழைகள் அதிகம் செலுத்துகிறார்கள்’ என்னும் பொருளுடையது. அவர் ஆராய்ந்தது நியூயார்க் நகரின் அரசுக் குடியிருப்புகளை என்பது நமக்கு முக்கியம். கறுப்பின, புவர்த்தோ ரிக்கக் குடும்பங்கள் மிகுந்த அந்தக் கட்டடங்களுக்குள் தவணை வியாபாரிகள் கதவு தட்டி நுழைந்தனர். தரம் குறைந்த பொருள்கள் கடைவீதியைவிடக் கூடுதல் விலைக்குத் தலையில் கட்டப்பட்டன. ஒரே இடத்தில் குவிக்கப்பட்ட ஏழைகள் வணிகருக்குச் சிறைப்பட்ட வாடிக்கையாளர்கள். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் தவணைக்காரரும் வாரக் கடன் வசூலிப்பவரும் தட்டுவது பகலில் வீட்டிலிருக்கும் பெண்ணின் கதவை. குழுக்கடன் அவள் பெயரில். தொலைக்காட்சியோ இருசக்கர வாகனமோ வீட்டுக்கு வரும்போது அது ‘குடும்பத்தின்’ பொருள். தவணை தவறும்போது தெருவில் தலைகுனிந்து நிற்பவள் அவள் ஒருத்தி. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, பெரிய பொருள் வாங்கும் முடிவில் பெண் பங்கேற்கிறாளா என்று கேட்கிறது. கடனை யார் அடைக்கிறார் என்பதையும் அதே மூச்சில் கேட்டால் படம் முழுமையாகும்.

அரசு தரும் கை, எடுக்கும் கை

இந்தச் சுமையைக் குறைக்கத் தமிழ்நாட்டு அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. ரேஷன் கடை இங்கே அனைவருக்குமானது. அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பருப்பும் பாமாயிலும் சந்தை விலையைவிட வெகு குறைவு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணையே குடும்ப அட்டைக்கான தலைவராகக் கொள்கிறது. தலைமை வந்தது, வரிசையில் நிற்கும் கடமையும் அதோடு வந்தது. பருப்பு வரும் நாள் முன்கூட்டித் தெரியாவிட்டால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நிற்க வேண்டும். அந்த நாளின் கூலியையும் சேர்த்தால் பருப்பின் உண்மையான விலை வேறு.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறியது. பெரும்பாக்கம் போன்ற தொலைதூரக் குடியிருப்புக்கு இது உயிர்நாடி. பழைய வீட்டு வேலையைக் கைவிடாமல் இருக்கவும், வேளச்சேரியிலோ சைதாப்பேட்டையிலோ மலிவாக வாங்கிவரவும் இது உதவுகிறது. ஆனால் இதில் கவனிக்கப்படாத ஒரு பக்கமும் இருக்கிறது. ஆண் சென்றால் கட்டணம், பெண் சென்றால் இலவசம் என்னும்போது, தொலைவில் சென்று வாங்கிவரும் வேலையும் பெண்ணிடமே வந்து சேர்வது வீட்டுக் கணக்கில் நியாயமாகிவிடுகிறது. பணம் மிஞ்சும் இடத்தில் அவளுடைய இரண்டு மணி நேரம் கரைகிறது. இலவசப் பயணத்தைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. சந்தையை அருகில் கொண்டுவராத அரசு, பெண்ணைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதோடு நின்றுவிட்டது என்பதற்காகவே கூறுகிறோம்.

மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு நேரே சென்றது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் இதற்கு ஒதுக்கியது 13,720 கோடி ரூபாய். 2003 முதல் மாநிலத்தின் மதுச் சில்லறை விற்பனை முழுவதையும் தன் கையில் வைத்திருக்கும் டாஸ்மாக் வழியே அரசுக்குக் கிடைத்த வருவாய் 2023-24இல் 45,000 கோடியைக் கடந்தது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால், பெண்ணின் கையில் போடுவதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல், பெரும்பாலும் ஆண்களே வாங்கும் ஒரு பொருளிலிருந்து அரசு எடுத்துக்கொள்வது தெரியும். இதைச் சொன்னவுடன், குடிப்பது தலித் ஆண்களின் பழக்கம் என்ற ஆதிக்கச் சாதிப் பொதுப்புத்தி மகிழ்ச்சியோடு தலையாட்டும். அந்த 45,000 கோடி எல்லாச் சாதியினரும் எல்லா வர்க்கத்தினரும் குடித்த கணக்கு. வேறுபாடு ஒன்றுதான்: மாதச் சம்பளக்காரர் குடிக்கும்போது வீட்டு மளிகை நிற்பதில்லை, நாள்கூலிக்காரர் குடிக்கும் நாளில் அன்றைய அடுப்பு நிற்கிறது.

வாங்கும் உரிமை

பாலினமும் நுகர்வும் பற்றிய பொதுவான எழுத்துகள், வாங்க வருபவரை எல்லாக் கடைகளும் வரவேற்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. சாதிச் சமூகத்தில் இது உண்மையன்று. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே.எச்.ஹட்டன் பதிவு செய்த ஒரு பட்டியல் இங்கே நினைவுகூரத் தக்கது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். தங்க, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டையோ பனியனோ அணியக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூச்சூடக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. எந்தப் பாலினத்தவர் எதை வாங்கக் கூடாது என்று பிரித்து எழுதிய பட்டியல் இது. இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1927 டிசம்பரில், மகாடில் திரண்ட பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் உடுத்தும் முறையைப் பற்றியே பேசினார். தீண்டாமையின் அடையாளமாகத் திணிக்கப்பட்ட உடையையும் கனத்த வெள்ளி நகைகளையும் கைவிடுமாறு கேட்டுக்கொண்டார்.

இது பழங்கதையன்று. 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டத்தின் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டபோது, பல ஆண்டு உழைப்பில் வாங்கிய பீரோவும் நகையும் இருசக்கர வாகனங்களும் அழிந்தன. அதன் பின்னர், ஜீன்ஸும் டி-சட்டையும் குளிர்கண்ணாடியும் அணிந்து தலித் இளைஞர்கள் பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் கூறினார். தலித் ஆண் ஒரு கால்சட்டை வாங்குவதே குற்றச்சாட்டாகிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் சிறுவர்களிடம், ஊர்க் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி விற்க மறுத்த கடைக்காரர் கைது செய்யப்பட்டார்.

இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் பார்த்தால், பெரும்பாக்கத்து இளைஞர் முதல் சம்பளத்தில் விலையுயர்ந்த காலணி வாங்குவதை ஊதாரித்தனம் என்று ஒதுக்க முடியாது. தன் உடலின் மீதான அவமதிப்புக்கு அவர் தரும் மறுமொழி அது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஆணின் சுயமரியாதைச் செலவுக்கு வீட்டில் இடம் ஒதுக்கப்படுகிறது; பெண்ணின் சுயமரியாதைச் செலவு எப்போது தொடங்கும்? தீபாவளிச் சீட்டு முடியும் மாதத்திலா? அங்கும் முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு கணவருக்கு, மிஞ்சினால் அவளுக்கு. ஆதிக்கச் சாதியை நோக்கிக் கேட்கும் கேள்வியை நம் இயக்கங்கள் தம் வீட்டுக்குள்ளும் கேட்டாக வேண்டும்.

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. தலைமுறைகளாக வாங்குவோரும் விற்போரும் கூடும் இடங்களை ‘இயற்கைச் சந்தை’ என்று அது அங்கீகரிக்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது. குடியிருப்புத் தெருவில் கீரையும் மீனும் விற்கும் பெண்களுக்கு இடமும், வாங்கும் பெண்களுக்கு அருகிலேயே ஒரு சந்தையும் கேட்டுப் பெற இந்தச் சட்டம் நல்ல கருவி. ஆனால் அது நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கானது. சென்னை மாநகரிலிருந்து அகற்றப்பட்ட மக்களுக்கான பல்லாயிரம் வீடுகளை அரசு கட்டியதோ பெரும்பாக்கம் என்னும் கிராம ஊராட்சியின் எல்லைக்குள்.